1907-இல் வியட்நாமில் எங்கே படிக்கலாம்?

1907. வியட்நாம் முழுக்க பிரெஞ்சு ஆட்சியின் கீழ். படிப்பில் கெட்டிக்காரனான ஒரு பதினெட்டு வயதுப் பையன், வீட்டிலும் ஓரளவு வசதி என்று வைத்துக்கொள்வோம். அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, 1075 முதல் நடந்துவந்த அரசுத் தேர்வு. சீன எழுத்தும் கன்ஃபூசியஸ் மரபு நூல்களும்தான் பாடம். இந்த மரபை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. ஹனோயின் இலக்கியக் கோயிலில் (கன்ஃபூசியஸ் கோயிலும் அரசுக் கல்விக்கூடமும் சேர்ந்த இடம்) கல் ஆமைகள் சுமந்து நிற்கும் 82 கல்வெட்டுகளில் தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆசிரியராக இருந்த சூ வான் ஆன், ஊழல் செய்த ஏழு அதிகாரிகளின் தலையை எடுக்கச் சொல்லி அரசனுக்கே மனு எழுதி, அரசன் கேட்காதபோது பதவியை உதறிவிட்டுப் போனவர். ஆனால் 1907-இல் இந்தத் தேர்வில் தேறினால் கிடைப்பது பிரெஞ்சுக்காரர் சொல்கேட்டு நடக்கும் அரசவையில் ஒரு வேலை, அவ்வளவுதான். 1900-இல் மாகாணத் தேர்வில் முதலிடம் வந்த ஃபான் போய் சாவும், 1901-இல் அரண்மனைத் தேர்வு வரை தேறிய ஃபான் சாவ் திரினுமே (பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த இரு பெரும் தலைவர்கள்) இதை விட்டு விலகிவிட்டார்கள். 1919-இல் தேர்வே நின்றுபோனது.

இரண்டாவது, ஹுவே நகரின் குவோக் ஹோக் பள்ளி. 1896-இல் தொடங்கியது. பிரெஞ்சும் நவீன பாடங்களும் கற்பிப்பார்கள், படித்தால் வேலை உறுதி. அரசாங்கத்துக்கு எழுத்தர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் தயாரிக்கத் திறந்த பள்ளிதான், ஆனால் அங்கே போன பிள்ளைகளைப் பாருங்கள்: ஹோ சி மின், பின்னாளில் பிரதமரான ஃபாம் வான் டோங், மாணவர் வேலைநிறுத்தத்துக்காக 1927-இல் வெளியேற்றப்பட்டு, பின்னாளில் படைத்தலைவரான வோ நுயென் ஸியாப். பாடத்திட்டம் கொடுக்காத எதையோ அந்தப் பிள்ளைகள் அங்கே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, கப்பலேறி ஜப்பானுக்குப் போவது. ஃபான் போய் சாவ் 1905-இல் தொடங்கிய 'கிழக்கே போவோம்' இயக்கம் அது. இளைஞர்களை ரகசியமாக அனுப்பிப் படிக்க வைத்து, படையாகத் திரும்பக் கொண்டுவருவது திட்டம். உச்சத்தில் சுமார் இருநூறு பேர் அங்கே இருந்தார்கள். துணிச்சலான வழி, மறுக்கவில்லை. ஆனால் அதே 1907-இல் ஜப்பான் பிரான்சோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள, 1909-க்குள் மாணவர்கள் சிதறினார்கள், ஃபான் போய் சாவையும் ஜப்பானை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அடுத்தவன் வீட்டு நிழலை நம்பியதுதான் இதன் பலவீனம்.

சரி, நான்காவது. என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1907 மார்ச்சில் ஹனோயின் ஹாங் டாவ் தெருவில் லுவோங் வான் கானும் நண்பர்களும் திறந்த டோங் கின் ஙியா தூக் என்ற பள்ளி. ஜப்பானின் கெய்யோ பள்ளியை முன்மாதிரியாக வைத்துப் பெயரிட்டார்கள். கட்டணம் கிடையாது, பெண்களும் படிக்கலாம். வரலாறு, புவியியல், கணக்கு. அப்புறம் பொதுமக்களுக்கான சொற்பொழிவுகள், அதில் ஃபான் சாவ் திரினும் பேசினார். ஆண்கள் மரபாக வளர்த்த நீள முடியை வெட்டச் சொல்லிப் பிரசாரம்கூட நடந்தது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, லத்தீன் எழுத்தில் எழுதும் குவோக் ஙூவைத் தூக்கிப் பிடித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் உருவாக்கியது, பிறகு காலனி அரசு பரப்பியது, அதனால் பல அறிஞர்கள் முகம் சுளித்த எழுத்து அது. சீன எழுத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் அதை எடுத்து, நம் மக்கள் எல்லோரும் வாசிக்க இதுதான் விரைவான வழி என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! தாங்கள் பட்டம் வாங்கிய கல்வியின் மதிப்பைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பிரெஞ்சு அரசு பள்ளியை மூடிவிட்டது, பிறகு நடத்தியவர்களைச் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் அனுப்பியது. ஓராண்டுகூட நீடிக்காத பள்ளியை எப்படி முதலில் வைப்பது என்று கேட்கலாம். மற்ற மூன்றும் தேர்ந்தெடுத்த சிலரைத்தான் உருவாக்கின, இங்கே மட்டும்தான் படிக்கத் தெரியாத கூட்டத்தைப் பற்றி யோசித்தார்கள். விடுதலைப் பிரகடனம் செய்த ஆறே நாளில், 1945 செப்டம்பர் 8 அன்று, குவோக் ஹோக்கில் படித்த ஹோ சி மின்னின் அரசு நாடு முழுக்க எழுத்தறிவு வகுப்புகள் நடத்த ஆணை போட்டது. கற்பித்தது குவோக் ஙூ.