எட்டு வருஷமா வெலோசெட் வெனம் ஓட்டுறேன்

499 சிசி, ஒத்த சிலிண்டர் மோட்டார் சைக்கிள், 1961 மாடல். பர்மிங்ஹாம் ஹால் கிரீன்ல குட்மேன் குடும்பம் நடத்துன கம்பெனில செஞ்ச வண்டி. மழை, குளிர் எல்லாத்துலயும் ஓட்டிட்டேன், அதனால தைரியமா எழுதுறேன்.

மொதல்ல ஸ்டார்ட்டிங். சும்மா எகிறி உதைச்சா எந்திரிக்கவே எந்திரிக்காது. கார்புரேட்டரை டிக்கிள் பண்ணி (அதுல இருக்குற சின்ன பட்டனை அமுக்கி பெட்ரோலை நிரப்பி), இக்னிஷனை ரிடார்ட் பண்ணி (ஸ்பார்க் கொஞ்சம் தாமதமா வர்ற மாதிரி வெச்சு), கிக்கரை மெதுவா அமுக்குனா ஒரு இடத்துல கம்ப்ரஷன் வந்து நிக்கும், அங்க வால்வ் லிஃப்டரைப் (வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளிய விடுற லீவர்) பிடிச்சு இம்மி அளவு தாண்டவிட்டு, லிஃப்டரை விட்டுட்டு, கிக்கரை மேல கொண்டுவந்து அடி வரைக்கும் ஒரே நீள உதை. அவ்ளோதான். எனக்கு இது கைவர ஒரு மாசம் ஆச்சு, இப்போ பெரும்பாலும் ரெண்டாவது உதைலயே பிடிச்சுக்கும். இன்ஜின் சூடா இருந்தா டிக்கிள் பண்ணாதீங்க.

அடுத்து கிளட்ச். மத்த வண்டில செயின் ஸ்பிராக்கெட் உள்ள இருக்கும், கிளட்ச் வெளிய இருக்கும், இதுல தலைகீழ், ஸ்பிராக்கெட்தான் வெளிய. அது தெரியாத ஒரு மெக்கானிக் வழக்கம்போல கேபிளை மட்டும் இறுக்கிக் குடுத்துட்டார், மேட்டுல ஏறுறப்போ கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஸ்பிராக்கெட்ல இருக்குற ஓட்டை வழியா ஒரு பின்னை சொருகி, பின் சக்கரத்தைச் சுத்தித்தான் அட்ஜஸ்ட் பண்ணணும். புரிஞ்சிட்டா பத்து நிமிஷ வேலை, அந்தப் பின் எப்பவும் என் ஜாக்கெட்லதான் இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கியர். வலது காலால ஒரு மிதி, ஒரு கியர், லீவர் தானா பழைய இடத்துக்கு வந்துரும். இன்னைக்கு எல்லா பைக்லயும் இருக்குற இந்த சங்கதியை 1920கள் கடைசில வெலோசெட் ரேஸ் வண்டிக்காக உருவாக்குனவர் ஹாரோல்ட் வில்லிஸ், அவரே ரேஸரும்கூட. அதுக்கு முன்னாடி ரேஸ்லயும் கையை எடுத்துத்தான் கியர் மாத்தணும், ஐல் ஆஃப் மேன் தீவுல நடக்குற ரேஸோட வளைவுகள்ல ஒரு கையால ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டுப் போறதை நெனச்சுப் பாருங்க! 1949ல மொத உலக சாம்பியன்ஷிப் நடந்தப்போ 350 சிசில அஞ்சு ரேஸையும் ஃப்ரெடி ஃப்ரித் ஜெயிச்சது வெலோசெட்லதான், அடுத்த வருஷம் அதே பட்டம் பாப் ஃபாஸ்டருக்கு. என் வண்டி பொறந்த அதே 1961ல பிரான்ஸ் மான்ட்லரி டிராக்ல ஒரு வெனம் 24 மணி நேரம் ஓடி, சராசரி மணிக்கு 100 மைலைத் தாண்டுச்சு. நான் 60, 65 மைலுக்கு மேல போறதில்ல, அந்த வேகத்துல அது களைப்பே இல்லாம ஓடுது.

பின்னாடி ஆள் ஏறுனா ஷாக் அப்சார்பரோட மேல்பக்க நட்டைத் தளர்த்தி, வளைஞ்ச காடில நகர்த்தி நிமிர்த்தி வெச்சா கெட்டியாயிரும். அருமையான யோசனை.

1971ல கம்பெனிய மூடிட்டாங்க, ஆனா ஓனர்ஸ் கிளப் புண்ணியத்துல ஸ்பேருக்குக் கவலை இல்ல. வாங்கப் போறவங்க, நீங்க போறதுக்கு முன்னாடி இன்ஜினை ஓட்டி வைக்க வேண்டாம்னு விக்கிறவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க, கைய வெச்சுப் பாருங்க, ஜில்லுனு இருக்கணும், அப்புறம் நீங்களே உதைச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.