எமர்சனா, வேக்மேனா, பேங்க்ஸா? ஆளை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்

புரோக் ராக், அதாவது நீண்ட, சிக்கலான பாட்டுகளைக் கட்டும் ராக் இசை, கேட்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தச் சண்டை வந்துவிடும்: கீபோர்டில் யார் பெரியவர்? கீத் எமர்சன் என்று ஒருவர் ஆரம்பிப்பார், ரிக் வேக்மேன் என்று இன்னொருவர் மறிப்பார். அப்புறம் யாருடைய விரலுக்கு வேகம் அதிகம், யார் மேடையில் எத்தனை கீபோர்டு அடுக்கினார் என்று பேச்சு போகும்.

எனக்கு அந்தக் கணக்கில் ருசி இல்லை. என் சோதனை வேறு. அந்த ஆளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? இது வெறும் கற்பனைக் கேள்வியும் இல்லை. 1970களின் பிரிட்டிஷ் குழுக்களில் ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருந்தார்கள். அதனால் பதில் பெரும்பாலும் இசைத்தட்டுகளிலேயே இருக்கிறது.

எமர்சனிடமிருந்து தொடங்குவோம். 'தி நைஸ்' குழுவில் இருந்த காலத்திலேயே ஹேமண்ட் ஆர்கனின் கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகுவார். பார்ப்பதற்குக் கூத்து மாதிரி இருந்தாலும் அதில் ஒரு வேலை இருந்தது. கத்தி கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, சுரம் நிற்காமல் ஒலிக்கும், இவர் இரண்டு கையையும் வேறு எங்காவது கொண்டுபோகலாம். அந்தக் குழுவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்த லெம்மிதான் கத்தி கொடுத்தார். பிற்காலத்தில் 'மோட்டர்ஹெட்' தொடங்கிய அதே லெம்மி.

1970இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் உருவானது. முதல் தட்டின் கடைசிப் பாட்டு 'லக்கி மேன்', கிரெக் லேக் சிறுவயதில் எழுதிய எளிய பாட்டு. அதன் முடிவில் எமர்சன் புதிதாக வந்த மூக் சிந்தசைசரில் (மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் கருவி) சும்மா வாசித்துப் பார்த்தது அப்படியே தட்டில் ஏறிவிட்டது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஒலியைக் கேட்டுத்தான் பலருக்கு சிந்தசைசர் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. மறுவருடம் 'டார்கஸ்'. தட்டின் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடத்துக்கு, ஒரே தொகுப்பு. தொடக்கம் ஐந்து எண்ணிக்கையில் ஓடும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் 'தகதகிட' என்று தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம், கண்டம் கச்சிதமாக உட்காரும். 1973இல் அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஹினாஸ்டெராவுடைய பியானோ கான்செர்ட்டோ ஒன்றின் பகுதியை எடுத்து மின்சாரம் பாய்ச்சினார். பதிப்பாளர் அனுமதி தர மறுக்க, ஜெனீவாவுக்கே போய் ஹினாஸ்டெராவிடம் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்கி வந்தார். வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

சரி, என் சோதனைக்கு வருவோம். எமர்சனை எடுத்தால் அந்தக் குழுவே இல்லை. கிட்டார் தேவைப்பட்டால் லேக் எடுத்துக்கொள்வார், மற்றபடி எல்லாப் பாரமும் கீபோர்டில்தான். அப்படியானால் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு உறுத்துவது அதே இடம்தான். கச்சேரி முழுக்கத் தனி ஆவர்த்தனமாகவே ஓடினால் காது களைத்துப்போகிறது. 1977இல் சுமார் எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பி, செலவு தாங்காமல் பாதியில் அவர்களை அனுப்பிவிட்டு மூன்று பேராகத் தொடர்ந்தார்கள். போதும் என்று நிறுத்தத் தெரியாத குணம் வாசிப்பிலும் இருந்தது.

வேக்மேன் இதற்கு நேர் எதிர் வழியில் வந்தவர். லண்டன் ராயல் இசைக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசித்தார். டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யில் கேட்கும் மெலோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) இவருடையது, 'லைஃப் ஆன் மார்ஸ்' பியானோவும் இவர்தான். பாடுகிறவருக்கு எங்கே வழிவிட வேண்டும் என்று அந்தப் பியானோவைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். 'யெஸ்' குழுவில் சேர்ந்தது 1971இல். 1972இல் வந்த 'குளோஸ் டு தி எட்ஜ்' பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் நடுவில் தேவாலய ஆர்கன் திறந்துகொள்ளும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறியும். மினிமூக் சிந்தசைசரைப் பாதி விலைக்கு வாங்கிய கதையை அவரே சொல்வார். விற்றவர் நடிகர் ஜாக் ஒயில்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வருகிறது, ஆகவே பழுது என்று நினைத்து விற்றுவிட்டாராம். அந்தக் கருவியே அப்படித்தான்.

'யெஸ்' குழுவின் 1973ஆம் ஆண்டு இரட்டைத் தட்டு அவருக்குப் பிடிக்கவில்லை, நான்கு பக்கத்துக்கு நான்கே பாட்டு. மான்செஸ்டரில் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது, கச்சேரி முடிந்ததும் சாப்பிடச் சொல்லிவைத்த கோழி விண்டாலூவும் அப்பளமும் மேடைக்கே வந்துவிட, கீபோர்டு மேல் வைத்துச் சாப்பிட்டார். 1974இல் குழுவை விட்டும் போனார்.

போனதும் என்ன ஆனது என்பதுதான் நமக்கு முக்கியம். பாட்ரிக் மொராஸ் வந்தார், 'ரிலேயர்' என்ற அபாரமான தட்டு வந்தது. வேக்மேன் வருவதற்கு முன்பே டோனி கேயை வைத்துக்கொண்டு 'தி யெஸ் ஆல்பம்' செய்திருந்தார்கள், அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக, வேக்மேன் கோபுரத்துக்குக் கலசம். கலசம் இல்லாமலும் கோபுரம் நின்றது. அவர் திரும்பி வந்த 1977ஆம் ஆண்டுத் தட்டில் 'அவேக்கன்' கேட்கும்போது மட்டும் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும். சுவிட்சர்லாந்தின் வெவே ஊர்த் தேவாலய ஆர்கனைத் தொலைபேசிக் கம்பி வழியாக மோன்த்ரே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து பதிவு செய்தார்கள்.

கெர்ரி மினியரைப் பற்றி இரண்டு வரி. 'ஜென்டில் ஜயன்ட்' குழுவில் கீபோர்டு, செல்லோ, வைப்ராஃபோன் எல்லாம் வாசித்தவர், ராயல் அகாடமியில் இசையமைப்பு படித்தவர். இந்தப் பட்டியலில் மூளை அவருக்குத்தான் அதிகம். ஆனால் கேட்டு முடித்ததும் கணக்கு நினைவிலிருக்கிறது, பாட்டு மறந்துவிடுகிறது. என் குறையாகவும் இருக்கலாம்.

'பிங்க் ஃபிளாய்டு' ரிச்சர்ட் ரைட்டை இந்தச் சண்டையில் யாரும் இழுப்பதில்லை, விரல் வேகம் இல்லை என்பதால். 'எக்கோஸ்' தொடங்குவது அவர் தட்டும் ஒரே ஒரு பியானோ சுரத்தில்தான். சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாகப் போனதால் அது தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலிருக்கும். 'தி வால்' பதிவின்போது அவரைக் குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். அப்புறம் அதே தட்டின் கச்சேரிகளுக்குச் சம்பளத்துக்கு வந்து வாசித்தார். அந்தக் கச்சேரிகளில் குழுவுக்கு நஷ்டம், லாபம் பார்த்தவர் ரைட் ஒருவர்தான். அவர் இல்லாமல் வந்த 1983ஆம் ஆண்டு 'தி ஃபைனல் கட்' கேட்டுப் பாருங்கள். வார்த்தை இருக்கிறது, கோபம் இருக்கிறது, காற்றோட்டம் இல்லை. என் சோதனையில் அவர் இரண்டாம் இடம்.

முதலிடம் 'ஜெனிசிஸ்' டோனி பேங்க்ஸுக்கு. 1975இல் பீட்டர் கேப்ரியல் போனார், 1977இல் ஸ்டீவ் ஹாக்கெட் போனார், 1996இல் ஃபில் காலின்ஸும் போனார். பேங்க்ஸ் இல்லாத ஜெனிசிஸ் தட்டு ஒன்றுகூடக் கிடையாது. அதனால் இவரை எடுத்துவிட்டுக் கேட்க வழியில்லை, மனதில்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்தால் பாட்டின் அஸ்திவாரமே போய்விடுகிறது. அதற்காக எமர்சன் போல எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்வதும் இல்லை. 1973இன் 'சினிமா ஷோ'வின் பின்பாதியில் ஏழு எண்ணிக்கையில், நம் மிஸ்ரத்தில், ஒரு நீண்ட வாசிப்பு வருகிறது. வாசிக்கும் ஆர்ப் சிந்தசைசரில் ஒரு நேரத்துக்கு ஒரு சுரம்தான். வேகம் காட்ட அது நல்ல சந்தர்ப்பம். இவரோ நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தைப் பிடித்து ஏறுவது போல, அவசரமில்லாமல் படிப்படியாக மேலே கொண்டுபோகிறார்.

'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' தொடக்கம் இன்னொரு சாட்சி. மெலோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடாத் துண்டு, எட்டு விநாடிதான் ஓடும், சுருதியும் நிற்காது. சில கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, அதில் வாசித்தால் சகிக்காது. எந்த இரண்டு கார்டு அந்தப் பெட்டியில் அருமையாகக் கேட்கிறதோ அவற்றைப் பிடித்துக்கொண்டு பேங்க்ஸ் அந்தத் தொடக்கத்தைக் கட்டினார்.

அவரிடமும் குறை உண்டு. மேடையில் சிரிக்கக்கூட மாட்டார். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டின் பியானோ முகப்பு இந்த வகை இசையிலேயே அழகானது என்பேன். கச்சேரிகளில் அவர் வைத்திருந்த மின்பியானோவில் கட்டையை எவ்வளவு அழுத்தி வாசித்தாலும் ஒரே ஒலிதான் வரும். கொஞ்ச நாளில் அந்த முகப்பை வாசிப்பதையே விட்டுவிட்டார். 1977இல் வந்த கச்சேரித் தட்டு 'செகண்ட்ஸ் அவுட்'டில் பாட்டு நேராகப் பல்லவியில் தொடங்குகிறது. அதைப் போடும்போதெல்லாம் நான் முதலில் ஸ்டூடியோ பதிவின் முதல் ஒரு நிமிடத்தை ஓடவிட்டு, அப்புறம்தான் கச்சேரிக்கு மாறுவேன்.