லைட்டர் சாக்கெட்டா, நேரடி பேட்டரி இணைப்பா?

பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயிலில் குடும்பத்தோடு இரவு தங்குபவர்கள், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித்தரும் இன்வெர்ட்டரை வண்டி பேட்டரியில் மாட்ட இரண்டு வழிகள் உண்டு.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய இன்வெர்ட்டர் முதல் வழி. அந்த சாக்கெட்டுக்குப் பெரும்பாலான கார்களில் 10 முதல் 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருப்பதால், ஏறத்தாழ 120 முதல் 180 வாட்டுக்குமேல் இழுக்க முடியாது. கைபேசி, மடிக்கணினி, எல்.இ.டி. விளக்குக்கு அது தாராளம், ஓரிரவுத் தங்கலுக்கு நான் சொல்வதும் இதைத்தான். ஃபியூஸ் எரிகிறதே என்று பெரியதைப் போட்டால், அடுத்து எரியப்போவது உள்ளிருக்கும் மெல்லிய வயர்.

பேட்டரி முனைகளில் நேரடியாக இணைப்பது மற்றொன்று. 500 வாட் சுமைக்கு, இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 45 முதல் 50 ஆம்பியர் ஓடும் என்பதால், தடித்த, நீளம் குறைந்த செம்புக் கேபிளும், நேர்முனைக்கு மிக அருகில் அக்கேபிளின் திறனை மீறாத ஃபியூஸும் கட்டாயம் வேண்டும். கிளிப்பைக் கவ்வவிட்டு ஓட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை; தளர்ந்த பிடி சூடேறிப் பொறி பறந்தால், பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வெடிக்க அதுவே போதும். தேங்காய் அரைக்க மிக்ஸியை மாட்டலாமா என்றால், மோட்டார் தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும், அம்மியே மேல்.

எப்படி இணைத்தாலும் கார் பேட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கானதே. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமுன் நிறுத்தாவிட்டால் விடியற்காலையில் வண்டியைத் தள்ள நேரும். இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவதோ 230 வோல்ட், ஆற்றில் குளித்த ஈரத்தோடு தொடக்கூடாது.