கேமிங் பிசிக்கு ஆன்லைன்ல ஆர்டர் கொடுக்கறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் போடுங்க

82,000 ரூபாய். தொகையை முதல்லயே சொல்லிடறேன். ஏலச்சீட்டு எடுத்து, தம்பிக்கு கேமிங் பிசி வாங்கிக் கொடுத்த காசு. அந்தப் பிசி இப்போ கும்பகோணத்துல எங்க வீட்டு ஹால்ல, கிராபிக்ஸ் கார்டு செத்து, கருகின வாடையோட கிடக்கு. வித்தவன் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

கடை பேரைப் போடலை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போறேன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்லிட்டாரு. கமெண்ட்ல கேட்காதீங்க, இன்பாக்ஸ்லயும் சொல்ல மாட்டேன். ரகத்தை மட்டும் சொல்றேன். சென்னையில மாடியில ஒரு கடை. கண்ணாடிக் கேபினெட், கலர் லைட், பின்னாடி அதிரடி மியூசிக் போட்டு ரீல்ஸ் விடுவாங்க. "தமிழ்நாடு முழுக்க டெலிவரி, வீடியோ கால்ல உங்க கண்ணு முன்னாடி அசெம்பிளி"ன்னு எழுதியிருக்கும். இந்த ரகத்துல ஒழுங்கா தொழில் பண்றவங்களும் இருக்காங்க. தம்பியோட கூட்டாளி இதே மாதிரி வேற ஒரு கடையில வாங்கினது இன்னைக்கு வரைக்கும் சூப்பரா ஓடுது. அதைப் பார்த்துதான் நாங்களும் போனோம்.

தம்பி விஸ்காம் படிக்கிறான். கேம் ஆடறதுக்கு மட்டும் இல்லை, பிளெண்டர்ங்கற சாப்ட்வேர்ல அனிமேஷனும் பண்ணுவான். அதனாலதான் மெமரி அதிகமா இருக்கற கிராபிக்ஸ் கார்டு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான். கொட்டேஷன் இப்படி வந்தது: ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 போர்டு, எட்டும் எட்டும் பதினாறு ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு, 650 வாட் பிரான்ஸ் (Bronze, கரண்ட்டை வீணாக்காததுக்கான தர முத்திரை) எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கற பவர் சப்ளை டப்பா), 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், கேபினெட். பார்சல் செலவு சேர்த்து 82,000.

எங்கே நம்பினேன்னு சொல்றேன், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. தம்பி கலர் லைட் எரியற ஃபேன் ஆறு கேட்டிருந்தான். கடைக்காரப் பையன் எனக்கே போன் பண்ணினான். "அக்கா, உங்க தம்பி லைட் ஃபேன் கேட்கறான். வேண்டாம்க்கா, அது வெறும் ஷோ. அந்த நாலாயிரத்தை எஸ்எம்பிஎஸ்ல போடுங்க. எஸ்எம்பிஎஸ் மட்டம்னா அது மட்டும் போகாது, கூட இருக்கறதையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். என் சொந்தத் தம்பிக்குக் கட்டற மாதிரி கட்டித் தர்றேன்" அப்படின்னான்.

நான் ஜவுளிக்கடையில கணக்கு எழுதறவ. கஸ்டமர் தானா கேட்கற பொருளை "வேண்டாம்"னு சொல்ற வியாபாரியை இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லை. அந்த ஒரு போனுக்கு அப்புறம் நான் வேற எங்கேயும் விலை விசாரிக்கலை. அன்னைக்கே 40,000 அட்வான்ஸ் அனுப்பினேன்.

வீடியோ கால் வந்தது. ஒவ்வொரு பாக்ஸா சீலோட காட்டினான். எஸ்எம்பிஎஸ் பாக்ஸைத் தனியா தூக்கிக் காட்டி, "பாருங்கக்கா, பிரான்ஸ், அஞ்சு வருஷ வாரண்டி"ன்னு கட்டர் வச்சு சீலை அறுத்தான். ப்ராசஸரைப் போர்டுல உட்கார வச்சான், ரேம் போட்டான். அதுக்குள்ள, "கடைக்கு ஆள் வந்துட்டாங்கக்கா, வயரிங் முடிச்சுட்டு போட்டோ போடறேன்"னு கட் பண்ணிட்டான். போட்டோவும் வந்தது. கண்ணாடிப் பக்கம் பளபளன்னு இருந்தது. இந்தக் கேபினெட்ல எல்லாம் எஸ்எம்பிஎஸ் அடியில ஒரு தகர மூடிக்குள்ள உட்கார்ந்துடும், வெளியில இருந்து ஒண்ணும் தெரியாது. அது அப்போ எனக்கு எங்கே தெரியும்?

இன்னும் ரெண்டு விஷயம் அப்பவே நடந்தது. காலி பாக்ஸ் எல்லாம் கேட்டேன். "இங்கேயே இருக்கட்டும்க்கா, வாரண்டிக்கு நான்தானே அனுப்பணும், உங்களுக்குப் பார்சல் செலவும் மிச்சம்" அப்படின்னான். பில் கேட்டதுக்கு, "ஜிஎஸ்டி பில்னா 18 சதவீதம் கூடும்க்கா, எஸ்டிமேட் போதும், எங்க கடை வாரண்டி இருக்கு" அப்படின்னான். எஸ்டிமேட்ல பொருள் பேரு மட்டும் இருந்தது, ஒரு சீரியல் நம்பர் கிடையாது.

பார்சல் ஒழுங்காதான் வந்தது. கொஞ்ச நாள் ஒழுங்கா ஓடவும் செஞ்சது.

முதல்ல தம்பிதான் கவனிச்சான். டாஸ்க் மேனேஜர்ல கார்டு மெமரி 8 ஜிபின்னு காட்டுது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். பதில் வாய்ஸ் நோட்ல வந்தது: "ப்ரோ, மீதி 4 ஜிபியை விண்டோஸ் ரிசர்வ் பண்ணி வச்சுக்கும், கேமுக்கு வேணும்னா தானா எடுத்துக்கும்." என்ன ஒரு பொய்! அந்த வாய்ஸ் நோட் இன்னும் என்கிட்ட இருக்கு.

அடுத்தது, பெரிய கேம் போட்டா பாதியில ஸ்க்ரீன் கறுப்பாகி பிசி ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சது. பிளெண்டர்ல ரெண்டர் (செஞ்ச அனிமேஷனை வீடியோவா மாத்தறது) போட்டாலும் அதே கதை. சும்மா படம் பார்த்தா, பிரவுசர் ஓட்டினா ஒண்ணும் ஆகாது. கேட்டா, "டிரைவர் பிரச்சினை"ன்னான். டிரைவர் மாத்தினோம். "விண்டோஸ் புதுசா போடுங்க"ன்னான். போட்டோம். "உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்லைக்கா, நல்ல யுபிஎஸ் வாங்குங்க"ன்னான். அதுக்குத் தனியா 6,000 ரூபாய், அதை நான் 82,000 கணக்குல சேர்க்கவே இல்லை. யுபிஎஸ் வந்த பிறகும் ரீஸ்டார்ட் நிக்கலை. அப்போதான் ஒரு நாள் ராத்திரி தம்பி விளையாடிட்டு இருக்கறப்போ பட்டுன்னு ஒரு சத்தம், பிளாஸ்டிக் எரியற நாத்தம். அம்மா ஓடிப் போய் மெயினை அணைச்சாங்க.

எங்க தெருவுல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற அண்ணன் மறுநாள் வந்து அந்தத் தகர மூடியைக் கழட்டினாரு. எட்டிப் பார்த்துட்டு, "ஏம்மா, ஆபீஸ்ல டேலி போடற பிசிக்கு மாட்டற சப்ளையை இதுல மாட்டியிருக்கானே" அப்படின்னாரு. 650 வாட்டும் இல்லை, பிரான்ஸும் இல்லை. பேர் தெரியாத லோக்கல் டப்பா. கையில கொடுத்தாரு, காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசா இருந்தது.

லேபிள்ல பெருசா 450ன்னு போட்டிருக்கு. கீழே பொடி எழுத்துல 12 வோல்ட், 18 ஆம்ப்ஸ். பன்னிரண்டைப் பதினெட்டால பெருக்கச் சொன்னாரு. 216 வாட். பிசிக்குள்ள அதிகமா கரண்ட் இழுக்கற கார்டு, ப்ராசஸர் ரெண்டுமே அந்த 12 வோல்ட் லைன்லதான் சாப்பிடும். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட். இந்த ப்ராசஸர் முழு வேகத்துல 76 வாட் வரைக்கும் போகும். ரெண்டையும் கூட்டினாலே 246. இதுல கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்குமாம். கார்டு தயாரிக்கற என்விடியா இதுக்கு 550 வாட் சப்ளை போடச் சொல்லுது. ஒழுங்கான 650 வாட் சப்ளைன்னா லேபிள்ல அந்த இடத்துல 50 ஆம்ப்ஸுக்கு மேல போட்டிருக்கும். அப்போ கேம் போட்டா மட்டும் ஏன் ஆஃப் ஆச்சுன்னு இப்போ புரியுதா? எங்க ஊர் வோல்டேஜாம்!

அது மட்டும் இல்லை. கார்டுக்குப் போற 8 பின் வயரே அந்த டப்பாவுல கிடையாது. பழைய மோலெக்ஸ் வயர் (நாலு பின் வயர்) ரெண்டைச் சேர்த்து ஒரு கன்வெர்ட்டர் மாட்டி, அதை மூடிக்குள்ள சுருட்டி வச்சிருக்கான். அந்த கன்வெர்ட்டர்தான் உருகிப் போயிருந்தது. கார்டைக் கழட்டி அண்ணன் தன்னோட கடை பிசியில மாட்டிப் பார்த்தாரு, டிஸ்ப்ளே வரலை. போர்டும் ரேமும் தப்பிச்சது எங்க அதிர்ஷ்டம்.

கார்டு விஷயத்துலயும் அவருதான் விளக்கினாரு. ஆர்டிஎக்ஸ் 3060ங்கற ஒரே பேர்ல 12 ஜிபி, 8 ஜிபின்னு ரெண்டு கார்டு இருக்கு. மெமரி மட்டும் குறைச்சல் இல்லை, மெமரிக்குப் போற டேட்டா பாதையோட அகலமும் குறைச்சல்: முதல்ல வந்த 12 ஜிபி 192 பிட், அடுத்து வந்த 8 ஜிபி 128 பிட், வேகமே குறைவு. 12ன்னு காசு வாங்கிட்டு 8 மாட்டி அனுப்பியிருக்கான். விண்டோஸ் ரிசர்வ் பண்ணிக்குமாம்.

இதுல எனக்கு எங்கே வயிறு எரியுதுன்னா, இவன் விவரம் தெரியாம பண்ணலை. எஸ்எம்பிஎஸ் மட்டம்னா மத்ததையும் இழுத்துக்கிட்டுப் போகும்னு எனக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான். லைட் வேண்டாம்னு சொல்லி அந்த நாலாயிரத்தை எஸ்எம்பிஎஸ்ல போட வச்சு, அதே நாலாயிரத்தை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். லைட் ஃபேனே வாங்கியிருந்தா அதாவது எரிஞ்சிட்டு இருந்திருக்கும்.

போன் பண்ணினேன். முதல்ல, "பார்சல்ல அடிபட்டிருக்கும்க்கா". அடிபட்டா 650 வாட் எப்படிப்பா 450 ஆகும்னு கேட்டேன். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்". நான்தான் ஓனர்னு ரீல்ஸ்ல தினம் சொல்றவன் அவன்! பாக்ஸை அனுப்புன்னேன், பழைய பேப்பர்ல போட்டுட்டாங்களாம். சீரியல் நம்பர் கொடுன்னேன், சிஸ்டம் ஃபார்மட் ஆயிடுச்சாம். அப்புறம் குரலே மாறிடுச்சு. அக்கா போய் மேடம் வந்தது. "மேடம், வெளி ஆள் திறந்துட்டாரு, வாரண்டி முடிஞ்சது. வேணும்னா புது கார்டுக்கு 5,000 டிஸ்கவுண்ட் தர்றேன்." 82,000 வாங்கினவன் எனக்கு டிஸ்கவுண்ட் தர்றானாம். அவன் ரீல்ஸுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், கொஞ்ச நேரத்துல கமெண்டைக் காணோம். அதுக்கப்புறம் வாட்ஸப்ல ஒத்த டிக்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுத்தாச்சு. கடை சென்னையில இருந்தாலும் நான் இங்கே தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்துலயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், அந்த வாய்ஸ் நோட், உருகின கன்வெர்ட்டர் எல்லாம் பத்திரமா இருக்கு.

நேத்து ஸ்டேட்டஸ்ல, பிசி வாங்கறவங்களுக்கு முழு விவரமா ஒரு பட்டியல் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். உட்கார்ந்தா கோபம்தான் வருது, தோணறதைச் சொல்றேன். ஒவ்வொரு பொருளுக்கும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாம மீதிப் பணம் கொடுக்காதீங்க. 18 சதவீதம் கூடும்னு சொன்னா, கூடட்டும். காலி பாக்ஸ் அத்தனையும் உங்க வீட்டுக்கு வரணும். வீடியோ கால்னா கடைசி ஸ்க்ரூ வரைக்கும் கட் ஆகக் கூடாது, எஸ்எம்பிஎஸ் உள்ளே போறதையும் அதுல இருந்து கார்டுக்கு நேரா வயர் போறதையும் காட்டச் சொல்லுங்க. பிசி வந்த அன்னைக்கே ஜிபியு-இசட்ங்கற சாப்ட்வேர் போட்டு கார்டோட மெமரியும் பிட் அளவும் பாருங்க. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒண்ணு இருக்கு, புது எஸ்எஸ்டின்னு சொல்லிப் பழசைத் தள்ளியிருந்தா எத்தனை மணி நேரம் ஓடினதுன்னு அதுல காட்டிடும். ரெண்டுமே இலவசம்தான். தூசி தட்டறது, ப்ராசஸர் மேல தடவற பேஸ்ட் மாத்தறது எல்லாம் அப்புறம், உள்ளே இருக்கறது நீங்க காசு கொடுத்த பொருள்தானான்னு முதல்ல தெரியணும்.

"நீங்களே பார்ட்ஸ் வாங்கிக் கட்டியிருக்கலாமே"ன்னு கமெண்ட் போட வர்றவங்க தயவுசெஞ்சு வேற பக்கம் போயிடுங்க. தைக்கத் தெரியாதவன் டெய்லர்கிட்ட கொடுக்கக் கூடாதா?

இதே ரகக் கடையில வாங்கி, கேம் போட்டா ஆஃப் ஆகுதுன்னு இன்னும் டிரைவர் மாத்திக்கிட்டு இருக்கறவங்க யாராவது இருந்தா, இன்னைக்கே பிளக்கைப் பிடுங்கிட்டு அந்தக் கீழ் மூடியைக் கழட்டி லேபிளைப் பாருங்க. கன்வெர்ட்டர் தெரிஞ்சா மறுபடி ஆன் பண்ணாதீங்க. போட்டோ எடுத்துட்டு நிறுத்திக்கோங்க, எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் பிரிக்க வேண்டாம். கரண்ட் எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.