மிட்டாய்க் கடையில் தொடங்கிய எழுத்து: அசிமோவின் நினைவுக் குறிப்புகள்

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தம்மைப் பற்றி எழுதிய தன்வரலாற்று நூல்களில் கடைசியானது 'ஐ. அசிமோவ்'. அவர் 1992 ஏப்ரலில் மறைந்தார். நூல் 1994இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைத் துறையின் ஹ்யூகோ விருதை, புனைவல்லாத நூல் பிரிவில் பெற்றது. 1979இலும் 1980இலும் வந்த இரண்டு பெரிய தொகுதிகளில் கால வரிசைப்படி சொல்லிச் சென்ற வாழ்க்கையை, இங்கே மனிதர்கள், பழக்கங்கள், கருத்துகள் என்று பொருள்வாரியாகப் பிரித்து, 166 சிறிய அத்தியாயங்களாக மீண்டும் எழுதியிருக்கிறார். ஓர் அறிவியல் புனைகதையாளர் எவற்றால் உருவாகிறார் என்று அறிய விரும்புபவருக்கு, பழைய தொகுதிகளைவிட இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அவருடைய நாவல்களில் பெரிய ஈடுபாடு இல்லாதவரும் படிக்கலாம். தம் எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகத்தூண்டுதல், தரிசனம் என்றெல்லாம் பேசாமல், கடை, பத்திரிகை, ஓர் ஆசிரியர், ஒரு வரலாற்று நூல் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடியவற்றையே அவர் சொல்கிறார்.

ரஷ்யாவிலிருந்து 1923இல் குடிபெயர்ந்த அந்தக் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை நடத்தியது. விடியற்காலையில் திறந்து நள்ளிரவுக்குப் பின் மூடும் அக்கடையில் விற்பனைக்கு வந்த மலிவுவிலைப் பத்திரிகைகளைத் தொடக்கூடாது என்று தந்தை தடுத்திருந்தார். 1929இல் தொடங்கிய ஒரு பத்திரிகையின் பெயரில் 'சயன்ஸ்' என்ற சொல் இருந்ததைக் காட்டி மகன் அனுமதி வாங்கினார். படித்த பிரதி மறுபடி விற்பனைக்குப் போக வேண்டியது என்பதால், புதியதுபோலவே திருப்பி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தக் கதை அசிமோவின் வாசகர்களுக்குப் பழையதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து அவர் சொல்வதுதான் நூலின் மிக நல்ல பகுதி: கடையை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், விடியுமுன் எழுவது, விடுமுறை நாளிலும் வேலைக்கு உட்காருவது, முடிந்தவரை நேரத்தை வீணாக்காமல் இருப்பது எல்லாம் கடைக்காரப் பையனின் பழக்கங்களாகவே தம்மிடம் தங்கிவிட்டன என்கிறார். ஏறத்தாழ ஐந்நூறு நூல்கள் எழுதியவரின் வேகத்துக்கு இதைவிட நம்பத்தகுந்த விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஜன்னல் இல்லாத, மூடிய அறையே தமக்கு உகந்தது என்று அவர் எழுதும் அத்தியாயத்தையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். விமானப் பயணத்துக்கு அஞ்சிய ஒருவர் விண்மீன் மண்டலம் முழுவதையும் கதைக்களமாக்கியதில் உள்ள வேடிக்கையை அவரே நன்கு ரசிக்கிறார்.

'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பல் பற்றிய பக்கங்களை இரண்டு முறை படிக்கலாம். 1938இல் முதல் கதையோடு நேரில் வந்த பதினெட்டு வயது இளைஞரிடம் நெடுநேரம் பேசி, அந்தக் கதையை மறுத்து, ஆனால் அவரை மேலும் எழுதத் தூண்டி அனுப்பிய கேம்பலுக்கு அசிமோவ் காட்டும் நன்றி உண்மையானது. தம் கதைகளில் ரோபோக்கள் மீறக்கூடாத மூன்று விதிகளை வகுத்துச் சொன்னவர் கேம்பல்தான் என்று அசிமோவ் சொல்ல, அவை அசிமோவின் கதைகளிலேயே இருந்தன என்று கேம்பல் சொல்ல, இருவரும் பெருமையை மற்றவரிடம் தள்ளிவிடுவது அழகு. அதே கேம்பல் மனித இனம் வேற்றுக் கோளினரைவிட உயர்ந்ததாகவே கதைகளில் இருக்க வேண்டும் என்று விரும்பியபோது, நாஜிகளின் இனவாதம் உலகை எரித்துக்கொண்டிருந்த காலத்தில் யூதரான அசிமோவுக்கு அது உவப்பாக இல்லை. ஆசிரியரோடு மோதவும் விருப்பமில்லை. எனவே விண்மீன் மண்டலப் பேரரசு ஒன்றின் வீழ்ச்சியைச் சொல்லும் 'ஃபவுண்டேஷன்' கதைகளின் பிரபஞ்சத்தில் மனிதரைத் தவிர வேறு அறிவுள்ள இனமே இல்லாமல் போனது. ஓர் எழுத்தாளர் மீதான பாதிப்பு என்றால் பின்பற்றுவது மட்டுமல்ல, விலகுவதற்கு வழி தேடுவதும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்தக் கதைகளின் தோற்றமும் சுவையானது. 1941 ஆகஸ்டில் கேம்பலைப் பார்க்கச் சுரங்க ரயிலில் செல்லும்போது, கையிலிருந்த இசைநாடகத் தொகுப்பு ஒன்றைக் குறிப்பின்றிப் பிரித்ததில் ஒரு காவல் வீரனின் படம் கண்ணில் பட, அதிலிருந்து படை, பேரரசு என்று எண்ணம் ஓடி, ஏற்கெனவே படித்திருந்த ஆங்கிலேய வரலாற்றாசிரியர் கிப்பனின் ரோமப் பேரரசு வீழ்ச்சி வரலாற்றில் போய் நின்றது. தற்செயலாகப் பிரித்த பக்கம் பொறி மட்டுமே என்பதும், கிப்பனைப் படித்திராதவருக்கு அந்தப் படம் வெறும் படமாகவே இருந்திருக்கும் என்பதும் என் எண்ணம்.

நடை பற்றிய அத்தியாயத்தில், வண்ணக் கண்ணாடி போன்ற கவித்துவ எழுத்தையும் வெளியை அப்படியே காட்டும் தெளிந்த கண்ணாடி போன்ற எழுத்தையும் ஒப்பிட்டு, இரண்டாவதைச் செய்வதே கடினம் என்று வாதிடுகிறார். வாதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைத் தம் எழுத்தின் எல்லாக் குறைகளுக்கும் கேடயமாக்கிக்கொள்கிறார் என்றே தோன்றுகிறது. அவருடைய பாத்திரங்கள் பெரும்பாலும் விவாதம் செய்யும் குரல்களாகவே நின்றுவிடுவதற்குத் தெளிவான நடை காரணமாகாது. 1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டதை அடுத்து அறிவியல் கட்டுரைகளுக்குத் திரும்பி, நாவலைப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்ததைப் பற்றியும் இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம். தற்பெருமையை அவரே கேலி செய்துகொள்வதால் அது முதலில் உறுத்தாது. ஆனால் நூறு அத்தியாயங்களுக்குப் பிறகு அந்தக் கேலியும் பெருமையின் ஒரு வகையாகவே படுகிறது.

இரண்டு செய்திகளை வாசகர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அறிவியல் புனைகதை மாநாடுகளில் பெண்களிடம் அவர் எல்லை மீறி நடந்துகொண்டதைப் பின்னாளில் பலர் பதிவு செய்துள்ளனர். இந்நூலில் அந்தப் பக்கம் விளையாட்டுப் பேச்சாகவே கடந்துபோகிறது. 1983இல் இதய அறுவை சிகிச்சையின்போது ஏற்றப்பட்ட இரத்தத்தால் அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது என்பதை அவர் மனைவி ஜேனட் 2002இல்தான் வெளிப்படுத்தினார். இது தெரிந்து படித்தால், நோய் பற்றிய இறுதி அத்தியாயங்களின் நிதானம் வேறு கனம் பெறுகிறது.

பக்க எண்ணிக்கையைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. அத்தியாயங்கள் தனித்தனியே நிற்பவை என்பதால், தந்தையையும் கடையையும் பற்றியவற்றில் தொடங்கி, கேம்பலுக்கும் பிற எழுத்தாளர்களுக்கும் தாவி, விருந்துகளையும் சங்கங்களையும் பற்றியவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம்.