வீட்டு ஈயச் சோதனைக் குச்சி: எதைக் காட்டும், எதைக் காட்டாது

சன்னல் சட்டத்தில் உரிந்துவந்த பழைய பெயிண்டைச் சோதிக்க வாங்கிய இந்தக் குச்சி, தேய்த்த சில நொடிகளிலேயே இளஞ்சிவப்பாக மாறி, ஈயம் இருப்பதைக் காட்டியது. ஆனால் மேற்பூச்சை மட்டும் தேய்த்தால் அடியிலுள்ள ஈயம் பிடிபடாது என்பதால், எல்லா அடுக்குகளும் தெரியும்படி கத்தியால் சாய்வாகக் கீறிய பிறகே தேய்க்க வேண்டும். இவ்வளவு முக்கியமான செய்தியைக் கையேட்டில் பொடி எழுத்தில் ஒளித்திருப்பது பெருங்குறை.

விழுங்கும் ஈயத்தில், பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. வெளிப்படையான அறிகுறி இல்லாமலே கவனமும் கற்கும் திறனும் குன்றக்கூடும். எனவே நிறம் மாறவில்லை என்று நிம்மதியடைய இயலாது. குழந்தையின் உடலில் ஈயம் சேர்ந்திருப்பதை இரத்தப் பரிசோதனைதான் காட்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே அதன் மூலத்தைக் கண்டறிந்து நீக்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. முதற்கட்டச் சோதனைக்கு மட்டும் இந்தக் குச்சியை வாங்கலாம்.