'எக்ஸிகியூஷன்' விளையாட்டும் மறக்காத கணினியும்: 16 ஆண்டு அனுபவம்

மதுரை செல்லூரில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த காலம். 2009 தொடக்கத்தில் 'எக்ஸிகியூஷன்' (மரண தண்டனையை நிறைவேற்றுதல்) என்ற சின்ன விளையாட்டை என் மேசைக் கணினியில் பதிவிறக்கினேன். ஆடி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ முறை திரும்பிப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை நீண்டகால அனுபவம் என்று எழுதத் துணிகிறேன்.

2008இல் இதை உருவாக்கியவர் ஜெஸ்ஸி வென்பிரக்ஸ். கேம் மேக்கர் என்ற கருவியில் செய்தது. அதே ஆண்டில் அவர் 'கரோஷி' என்று இன்னொன்றையும் வெளியிட்டிருந்தார். அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. அந்த விளையாட்டில் அலுவலக ஊழியன் ஒருவனை எப்படியாவது சாகவைப்பதுதான் நம் வேலை. அதை ஆடியவர்கள் 'எக்ஸிகியூஷ'னையும் அதே கண்ணோடு திறந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் திறந்தேன்.

உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. நாம் எடுக்கும் முடிவுக்கு விளைவு உண்டு என்ற பொருளில் முதலில் ஓர் எச்சரிக்கை. பிறகு கம்பத்தில் கட்டப்பட்ட ஒரு மனிதன். நம்மிடம் துப்பாக்கியின் குறி. அவன் யார், என்ன குற்றம் செய்தான், தீர்ப்புச் சொன்னது யார் என்று எதுவும் தெரியாது. சுடு என்றும் யாரும் சொல்வதில்லை. கையில் மவுஸ் இருந்தது, திரையில் குறி இருந்தது. குறி இருந்தால் சுடுவதுதான் விளையாட்டு என்று என் விரல் முடிவு செய்துவிட்டது. அவன் தலை தொங்கியது. 'நீ தோற்றுவிட்டாய்' என்று ஆங்கிலத்தில் வந்தது.

சரி, மறுபடி ஆடலாம் என்று மூடித் திறந்தேன். அவன் செத்தே கிடந்தான். 'ஏற்கெனவே காலம் கடந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். சுட்டதை அந்த விளையாட்டு கணினிக்குள் எழுதிவைத்துவிட்டது. சுடாமல் வெளியேறினால் 'நீ வென்றாய்' என்று வரும் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன செய்வது? அந்தக் கணினியில் அந்த வாய்ப்பு போய்விட்டது.

இங்கே என் சென்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு கணினிகள். கல்லாப்பெட்டி பக்கத்தில் இருந்த ஒன்றாம் நம்பர் எனக்கு. மற்ற ஐந்தும் வாடிக்கையாளர்களுக்கு. அந்தக் காலத்தில் ஒரு பென் டிரைவைச் செருகினால் போதும், வைரஸ் குடியேறிவிடும். அதனால் அந்த ஐந்திலும் டீப் ஃப்ரீஸ் போட்டிருந்தேன். அந்த மென்பொருள், போட்ட நாளில் கணினி எப்படி இருந்ததோ அப்படியே உறைய வைத்துவிடும். பகல் முழுக்க யார் என்ன செய்தாலும், ஒருமுறை அணைத்துப் போட்டால் எல்லாம் துடைத்ததுபோல் ஆகிவிடும். சேமித்த கோப்பும் போகும், வைரஸும் போகும்.

அந்த ஐந்திலும் இந்த விளையாட்டை ஏற்றிவைத்தேன். பள்ளி விட்டதும் வரும் பையன்கள் ஆளுக்கு ஒருமுறை சுட்டார்கள். செத்தவன் செத்தே கிடப்பதைப் பார்த்ததும் முதலில் கொஞ்சம் மிரண்டார்கள். பிறகு ஒருவன் கண்டுபிடித்தான்: அணைத்துப் போட்டால் ஆள் பிழைத்துவிடுகிறான். மின்வெட்டு வேறு. அக்கம்பக்கத்து நெசவுத் தறிகளின் ஓசை திடீரென்று நின்றால் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். என் கணினிக்கு மட்டும்தான் யுபிஎஸ். மற்ற ஐந்தும் அணைந்துவிடும். 2012இல் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அப்போதெல்லாம் ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் ஐந்து கம்பங்களிலும் ஐந்து பேர் உயிரோடு நின்றார்கள். அவர்களைச் சுட யாரும் தயங்கியதாக எனக்கு நினைவில்லை. கொஞ்ச நாளில் சுடுவதும் சலித்துப்போய்விட்டது.

அதைப் பார்த்துத்தான் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. நான்காம் நம்பரில் மட்டும் டீப் ஃப்ரீஸை எடுத்தேன். மானிட்டரின் மேல் ஒரு தாளில் 'இந்தக் கணினி மறக்காது' என்று எழுதி ஒட்டினேன்.

இரண்டு நாள் யாரும் சுடவில்லை. இது எனக்கே வியப்பாக இருந்தது. அதே விளையாட்டு, அதே ஆள், அதே பையன்கள். திறந்து பார்ப்பார்கள், குறியை அவன் முகத்துக்குக் கொண்டுபோவார்கள், மூடிவிடுவார்கள். அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையன் அந்தக் கணினிக்குக் 'கருப்பு' என்று பெயர் வைத்தான். அழகர்கோவில் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பணசாமியின் மூடிய கதவு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ஆள் துணியமாட்டான். சந்தனம் பூசிய கதவு மட்டும்தான் அங்கே இருக்கிறது. விசாரிக்க யாரும் வருவதில்லை. மறக்காத ஒருவர் உள்ளே இருக்கிறார் என்ற நினைப்பே நிலத் தகராறுகளையும் களவு வழக்குகளையும் தீர்த்துவைத்திருக்கிறது. அந்தப் பையன் என் நான்காம் நம்பர் கணினியில் அதைப் பார்த்தான். அவன் வைத்த பெயர் சரியான பெயர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒருவன் சுட்டுவிட்டான். ஒன்பதாம் வகுப்பு, அதிகம் பேசாத பிள்ளை. சத்தம் கேட்டு மற்றவர்கள் கூடிவிட்டார்கள். நான் எதிர்பார்த்தது சிரிப்பு. வந்தது கோபம். "எங்கள் எல்லாருக்கும் அந்த ஒரு ஆள்தானே இருந்தான்" என்று ஒருவன் கத்தினான். மற்ற நான்கு கணினிகளில் நாளுக்கு நாலு முறை அதே ஆளைக் கொன்றவன் அவன். அதை நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவன் கோபம் உண்மையானது.

சுட்டவன் ஒரு வாரம் தினமும் வந்தான். ரூபாய் கொடுத்து, நோட்டில் பெயர் எழுதி, நான்காம் நம்பரில் உட்கார்ந்து அதைத் திறப்பான். பார்ப்பான். மூடுவான். ஒருநாள் என் மேசைக்கு வந்து, "அண்ணே, இதையும் பழையபடி உறைய வைத்துவிடுங்களேன்" என்றான்.

நான் அவனுக்கு உண்மையைச் சொன்னேன். டீப் ஃப்ரீஸ் போடும் நேரத்தில் எப்படி இருக்கிறதோ அதைத்தான் அது காப்பாற்றும். இப்போது போட்டால், செத்தவனைச் செத்தபடியே காப்பாற்றும். ஆயிரம் முறை கரண்ட் போய் வந்தாலும் பிணம்தான் திரும்பி வரும். கொஞ்ச நேரம் நின்றான். "அப்போ வேண்டாம், சும்மாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நேரம் மீதமிருந்தும் வெளியே போனான்.

ஒரு பிள்ளையை இப்படி வருத்தியது சரியா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இன்று செய்வேனா என்றால் செய்யமாட்டேன். ஆனால் பிழை என்று ஒதுக்கவும் முடியவில்லை. நான் சுட்டபோது எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான். அவன் என்னைவிட அதிகமாக உணர்ந்தான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய சிறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் ஆயுள் சான்றுக்கான படிவத்தை அச்செடுக்க வருவார். என் திரையில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். விளக்கினேன். "கட்டிவைத்த பிறகு என்னப்பா முடிவு? முடிவெல்லாம் கட்டுவதற்கு முன்னாடி இருப்பவர்கள் எடுப்பது" என்றார். மவுஸைத் தொடவில்லை.

அவர் சொன்னது இந்த விளையாட்டின் மேல் வைக்கக்கூடிய மிகக் கடுமையான விமர்சனம். தூக்குத் தண்டனை செல்லும் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. ஐந்து நீதிபதிகளில் பகவதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். தவறு நடந்தால் திருப்பிக் கொடுக்க முடியாத தண்டனை என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அங்கே வாதம் முழுக்க, ஆளைக் கம்பத்தில் கட்டுவதற்கு முன்பே நடக்கிறது. 'எக்ஸிகியூஷன்' அந்தப் பகுதியை அப்படியே வெட்டிவிட்டு, கடைசி ஆளின் விரலை மட்டும் வைத்துக்கொள்கிறது. அது குறைதான். ஆனால் அந்த விரல் நம்முடையது என்பதைத் தப்பவிடாமல் காட்டுவதும் அந்தக் குறைதான்.

என் முக்கியமான மனக்குறை வேறு. வென்றாய், தோற்றாய் என்ற சொற்கள் அங்கே இருந்திருக்கவே கூடாது. அவை அந்தச் சாவை மறுபடி ஒரு மதிப்பெண்ணாக்கிவிடுகின்றன. சுடாதவனுக்கு 'வென்றாய்' என்று பரிசு கொடுத்தால், அவன் சுடாமல் விட்டது அந்த உயிருக்காகவா, பரிசுக்காகவா என்று சொல்ல முடியாமல் போகிறது. மீண்டும் திறக்கும்போது அந்த உடல் கிடக்கிறதே, அது போதும்.

பிறகு வந்தவற்றையும் ஆடிப் பார்த்திருக்கிறேன். 2013இல் லூக்கஸ் போப் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' பெரிய படைப்பு. எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரி நாம். கணவனின் தாள்கள் சரியாக இருக்கும், பின்னால் வரும் மனைவியிடம் ஒரு தாள் குறையும். விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும். ஒரு நாளில் முதல் இரண்டு சீட்டுக்கும் அபராதம் இல்லை, மூன்றாவதிலிருந்து கூலியில் பிடிப்பார்கள். மூன்றாவது முறை ஆடும்போது கவனித்தேன், நாளுக்கு இரண்டு கருணை என்று நான் கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன். காலையிலேயே ஒருவருக்கு இரங்கிவிட்டால், மாலையில் வருபவருக்கு மிச்சம் இருக்காதே என்று தயங்கினேன். அபராதம் என்று ஒன்று வைத்தால் மனிதன் அதற்குள் வாழக் கற்றுக்கொள்கிறான். அந்த உண்மையை அதைவிட நன்றாகக் காட்டிய விளையாட்டு எனக்குத் தெரியாது.

டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' 2015இல் வந்தது. நம்மைப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேமிப்புக்குத் திரும்பி அவரைப் பிழைக்க வைத்தால், ஃப்ளவி என்ற பூ நாம் செய்ததைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் அங்கே பேச ஒரு குரல் இருக்கிறது, மேலே போக ஒரு கதை இருக்கிறது. குரல் இருந்தால் அதனோடு வாதாடலாம். 'எக்ஸிகியூஷ'னில் வாதாட ஆள் இல்லை.

கைப்பேசியில் இணையம் மலிவானதும் சென்டரை மூடினேன். ஐந்து கணினிகளைப் பழைய விலைக்குக் கொடுத்துவிட்டேன். நான்காம் நம்பரை மட்டும் கொடுப்பதற்கு முன் வட்டை முழுதாக அழித்தேன். அந்தப் பையன் சுட்டதை வேறு யார் வீட்டுக்கும் அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஒன்றாம் நம்பர் இப்போது வீட்டில் இருக்கிறது. அதில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, இணையத்தில் இணைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் பழமும் படைத்துவிட்டு ஒருமுறை இயக்குவேன். அப்போது இதையும் திறப்பேன். அவன் அங்கேயே இருப்பான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வட்டு டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பழுது பார்க்க வந்த தம்பி, புது வட்டுக்கு மாற்றித் தருகிறேன், தேவையில்லாததை எல்லாம் துடைத்துவிடலாம் என்றார். எதையும் துடைக்காமல் உள்ளது உள்ளபடி நகலெடுக்கச் சொன்னேன். நகலெடுத்து முடித்ததும் முதல் வேலையாக விளையாட்டைத் திறந்து பார்த்தேன். அவன் தலை தொங்கித்தான் கிடந்தது. உயிரோடு நின்றிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று தெரியவில்லை. அன்று எனக்கு வந்தது நிம்மதி.

போன ஆயுத பூஜைக்கு என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பதினான்கு வயது.

"இவரை யார்ப்பா சுட்டது?"

"நான்தான்."

"எதற்கு?"

சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. குறி இருந்தது, சுட்டேன் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் அவளாகவே ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்றைக்கு இறக்கிய மூலக் கோப்பை, சுடப்படாத ஆளை, அதில் போட்டுக் கொடுத்தேன். சொன்னது ஒன்றுதான்: உன் கணினியில் மட்டும் திற, அடுத்தவர் கணினியில் வேண்டாம்.

இரண்டு நாளில் பென் டிரைவ் என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. திறந்தாளா, திறந்தபின் என்ன செய்தாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.